மாடியில் நட்ட இரும்புக் குழாயில் கொடிக்கயிறு வழுக்கி இறங்குகிறது. எப்படிக் கட்டுவது?

முடிச்சை இறுக்குவதில் பயனில்லை, சுற்றைக் கூட்டுங்கள். பெரும்பாலும் குழாயை ஒரே சுற்றுச் சுற்றிவிட்டு மேலே நாலு முடிச்சுப் போடுவோம். ஈரப் போர்வை விழுந்ததும் இழுவை முடிச்சில் ஏறி அது இறுகிப்போகும். அப்புறம் அவிழ்க்கப் பல்லும் போதாது!

கயிற்றுக்கும் குழாய்க்கும் உராய்வு எண் (இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) 0.2 என்று வையுங்கள். ஒரு முழுச் சுற்றில் இழுவை ஏறக்குறைய மூன்றரை மடங்கு குறையும். இரண்டாவது சுற்று அந்த மிச்சத்தை மறுபடி அதே அளவு குறைக்கும். மூன்று சுற்றில் மொத்தம் சுமார் 43 மடங்கு. 20 கிலோ இழுவையில் முடிச்சுக்கு வந்து சேர்வது அரைக் கிலோகூட இல்லை.

ஆகவே மூன்று சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக. பிறகு நுனியை, கொடியாக நீளும் கயிற்றின்மேல் ஒருமுறை சுற்றி, அந்த வளையத்துக்குள் விட்டு இழுங்கள். அதே திசையில் இன்னொரு முறை. நைலான் கயிறு என்றால் மூன்றாவதும் போட்டு, நுனியை ஒரு சாண் மிச்சம் விடுங்கள்.

பெயிண்ட் அடித்த வழவழக் குழாயா? பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் கட்டுங்கள். எங்கள் மாடியில் அப்படித்தான்.