மூளை வேலையும் பீடி வேலையும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குப் பாவூர்சத்திரம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள், இங்கேயே இருந்துவிட்டேன். மகன் இங்கேதான் பிறந்தான். நாலு வயது. என் அம்மாவும் மாமியாரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் மின்னஞ்சல் வந்தது. இனி வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். வாசலில் அட்டை தேய்த்த நாட்களை எண்ணித்தான் ஊக்கத்தொகையாம். என் குழுவில் மூன்று பேர் புனேயில், ஒருவர் கொச்சியில், மேலாளர் ஹைதராபாத்தில். சென்னைக்குப் போனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதே முகங்களை இதே திரையில்தான் பார்க்கப்போகிறேன். இந்த ஐந்து வருடத்தில் இரவு பதினோரு மணி அழைப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை. கேட்டால், "கண் முன்னால் இருந்தால்தான் வேலை நடக்கும்" என்கிறார் மேலாளர். நாங்கள் என்ன பீடியா சுற்றுகிறோம், ஒருவர் உட்கார்ந்து எண்ணி வாங்குவதற்கு? இது மூளை வேலை.

வேலையை விட்டுவிடவா? பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சென்னை போகவா? மனிதர்கள் கூடியிருப்பதைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அலுவலகம் மனிதர்கள் கூடும் இடம் என்று நிறுவனம் சொல்வதை ஒப்புக்கொள்கிறீர்களா?

ர.

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை முக்கூடலில் ஒரு சேவை மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அம்மாவின் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று பதியப் போயிருந்தோம். கருவியில் அம்மாவின் விரல்ரேகை விழவில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், இடது கை, வலது கை, ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் என்று அந்தப் பையன் முக்கால் மணி நேரம் பார்த்தான். முப்பத்தாறு வருடம் பீடி இலையைத் தேய்த்த விரல்கள். ரேகை எங்கே இருக்கும்? கடைசியில் முகத்தைப் படம் பிடித்துப் பதிந்தான். மாதம் ஆயிரம் ரூபாய்க்காக. 2014இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று வைத்த அதே ஆயிரம்தான் இன்றைக்கும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் "நாங்கள் என்ன பீடியா சுற்றுகிறோம்" என்ற உங்கள் வரி வந்தது.

பாவூர்சத்திரத்துப் பெண் இதை எழுதலாமா? சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பிறந்த பெண் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதியது என்று விட்டிருப்பேன். உங்கள் தெருவில் பீடிச் சுளவு, அதுதான் முறம், இல்லாத வீடு எத்தனை இருந்தது? உங்கள் அம்மாவையோ ஆச்சியையோ கூப்பிட்டு விரலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்து நோட்டு எந்தக் காசில் வந்தது என்றும் கேளுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச என்னால் முடியாது.

மூளை வேலை என்கிறீர்கள். பீடிக்கடையில் எடை போட்டுத் தரும் இலையில் பாதி ஓட்டையாகவும் நரம்பாகவும் இருக்கும். அதற்குள்ளேயே ஆயிரம் பீடிக்கு இலை தேற்ற வேண்டும். முதல் நாள் இரவே நனைத்து, காலையில் தகட்டை வைத்து வெட்டும்போது அம்மா ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்துக்கு நேரே ஒரு கணம் பிடிப்பாள். நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓட்டையை ஒதுக்கினால் இரண்டு துண்டு வருமா மூன்று வருமா, அவ்வளவும் அந்த ஒரு கணத்தில் முடிவாகிவிடும். இலை குறைந்தால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஆகவே குறையக்கூடாது. புகையிலைத் தூளும் அப்படித்தான். கூடுதலாகப் போட்டால் கடைசி நூறு பீடிக்குத் தூள் இருக்காது, குறைத்துப் போட்டால் கடையில் கழித்துவிடுவார்கள். இதையெல்லாம் செய்துகொண்டே அடுப்பில் உலை வைத்து, என் வாய்ப்பாட்டையும் கேட்டாள். இதை மூளை வேலை இல்லை என்று சொல்ல நமக்கு யார் கற்றுக்கொடுத்தது?

உங்கள் மேலாளர் சொன்னதற்கு வருகிறேன். கண் முன்னால் இருந்தால்தான் வேலை நடக்குமாம். பீடி முதலாளிகள் லட்சக்கணக்கான பெண்களை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்க்காமல் பல பத்தாண்டுகள் வேலை வாங்கினார்கள். சாயங்காலம் கட்டுகளை அடுக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போக வேண்டும். கட்டுக்கு இருபத்தைந்து, நாற்பது கட்டு. கடைக்காரர் ஒரு கட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். பிடிக்காததைப் பிரித்து ஓரத்தில் போடுவார். அதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பக் கிடைக்காது. அதைத் தனியாக விற்றுக்கொள்வார்கள் என்பது ஊருக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை. அந்தக் கட்டைவிரல் ஒன்றே போதும். அம்மா வீட்டில் எந்நேரமும் அதை நினைத்துக்கொண்டுதான் சுற்றினாள்.

நானாகக் கட்டிச் சொல்வதில்லை இது. உச்ச நீதிமன்றமே சொன்னது. பீடித் தொழிலுக்கு 1977இல் வருங்கால வைப்பு நிதி வந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை, அவர்களை நாங்கள் மேற்பார்வை செய்வதில்லை என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது. சுற்றிய பீடியைக் கழித்துப் போடும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதல்லவா, அதுவே மேற்பார்வைதான், அவர்கள் உங்கள் ஊழியர்கள்தான் என்று நீதிமன்றம் சொன்னது. அம்மாவின் ஆயிரம் ரூபாய்க்கு வேர் அங்கே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டுத் தொழிலாளியையும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டது. பீடிச் சங்கங்கள் போராடாமல் இவை வந்திருக்காது.

பார்க்காமலே வேலை வாங்கலாம் என்பது முதலாளிகளுக்கு என்றைக்கோ தெரியும். அன்றைக்குப் பெண்களை வீட்டில் வைத்திருப்பது லாபமாக இருந்தது, கட்டடம் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். அதனால் வீட்டில் வைத்திருந்தார்கள். 2020இல் உங்களை வீட்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது, வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கட்டடம் காலியாகக் கிடக்கிறது, கூப்பிடுகிறார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலத்து வரிச்சலுகைகூட அந்த வளாகத்துக்குள் வேலை நடப்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க 2022 ஜூலையில் தனியாக விதி சேர்க்க வேண்டியிருந்தது. இதில் 'மனிதர்கள் கூடுவது' எங்கே வந்தது?

டிசிஎஸ் 2020இல் என்ன அறிவித்தது என்று நினைவிருக்கிறதா? 2025க்குள் எந்த நேரத்திலும் ஊழியரில் கால்பங்குக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவையில்லை என்றார்கள். 2023 அக்டோபரில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டார்கள். அமேசானில் 2024 செப்டம்பரில் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி ஜாஸியின் கடிதம் வந்தது, 2025 ஜனவரி 2 முதல் ஐந்து நாள். அந்த ஊழியர்கள் ஊரில் வீடு பார்த்தார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார்கள். எல்லாம் ஒரு மின்னஞ்சலை நம்பி. மின்னஞ்சலில் வந்தது மின்னஞ்சலிலேயே போகும். சேவைத் துறைக்காக மத்திய அரசு 2021 தொடக்கத்தில் வெளியிட்ட, பணி விதிகளை வகுக்கும் மாதிரி நிலையாணையின் வரைவில் வீட்டு வேலை பற்றி ஒரு வரி வந்தது. முதலாளி 'அனுமதிக்கலாம்' என்றுதான் அதில் இருந்தது. அம்மாவிடம், சுற்றிய பீடிக் கணக்கைப் பதியும் ஒரு பாஸ் புத்தகம் இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? உங்கள் குழுவில் ஒன்பது பேரோ பத்துப் பேரோ, அத்தனை பேரும் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்திட்டு நிறுவனத்திடம் எதையாவது எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

வீட்டில் வேலை செய்தால் திறன் கூடுமா குறையுமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சீனாவில் ஒரு பயண நிறுவனத்தில் 2010இல் சோதித்தார்கள், திறன் பதின்மூன்று சதவீதம் கூடியது. அதே சோதனை முடிந்தபோது, வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே வருகிறோம் என்றார்கள். பழைய மாமல்லபுரம் சாலை நெரிசல் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தென்காசிப் பக்கம் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இருக்கிறதே, அங்கே விண்ணப்பித்துப் பார் என்று உங்களிடம் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். இடம் கிடைத்தால் போங்கள். எல்லோருக்கும் கிடைக்காது.

கூடுவது பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றிய ஏழு பெண்களுக்கும் வீடு இருந்தது. ஒருத்தியும் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து சுற்றியதில்லை. காலைச் சோறு முடிந்ததும் சுளவைத் தூக்கிக்கொண்டு பெரியம்மை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வரச்சொல்லி யாரும் சொன்னதில்லை. இலங்கை வானொலி பாடும். ஒருத்திக்குக் காய்ச்சலென்றால் மற்ற ஆறு பேரும் ஆளுக்கு ஆறேழு கட்டு அவள் சுளவில் போடுவார்கள், அன்றைக்கும் அவளுக்கு ஆயிரம் பீடி கணக்கில் ஏறும். பாஸ் புத்தகம் இல்லாதவள் இன்னொருத்தி பெயரில் போடுவாள். கடைக்காரர் அதிகமாகக் கழித்த ஒருநாள் ஏழு பேரும் கட்டைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த நாள் அவர் தெருவுக்கே ஆள் அனுப்பினார். அந்தத் திண்ணையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிக்க வேண்டும். "ஏலே, அவ அழுத எடத்த மறுபடி வாசி" என்பாள் பெரியம்மை. நான் எழுத்தாளன் ஆனது அந்தத் திண்ணையில்தான்.

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா சுற்றிக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பீடிக்கடைக்குக் கதவு சாத்தும் நேரம் உண்டு, வீட்டுக்கு அது கிடையாது. கணக்கு குறைந்தால் ராத்திரி சிம்னி விளக்கில் சுற்ற வேண்டும், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் கையும் அதில் சேர்ந்துவிடும். அந்தத் தூளுக்குள்தான் தொட்டில் ஆடியது. அக்கா இன்றைக்கும் இருமுகிறாள். நான் கல்லூரிக்குப் போனேன், அவள் போகவில்லை. இதை அவளிடம் ஒருமுறைகூட என்னால் பேச முடிந்ததில்லை.

இரவு பதினோரு மணி அழைப்பைத் தவறவிட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிம்னி விளக்கு ஞாபகம் வந்தது. அதைப் பெருமையாக எழுதாதீர்கள். பதினோரு மணிக்கு உங்கள் மகன் யார் பக்கத்தில் தூங்கினான்?

வேலையை விடவா என்று கேட்டீர்கள். விடாதீர்கள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி சொந்தமாகச் சம்பாதிக்க இரண்டு தலைமுறை விரல் தேய்ந்திருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டும் போகாதீர்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. 2017இல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். உங்கள் கட்டடத்தில் எத்தனை ஆயிரம் பேர்? காப்பகம் எந்த மாடியில்? எத்தனை வயதுவரை சேர்ப்பார்கள்? உங்களைப் போல ஊரிலிருந்து கூப்பிடப்பட்ட தாய்மார்கள் அங்கே எத்தனை பேர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். எல்லோரும் ஒரே நாளில், ஒரே கேள்வியை, எழுத்தில் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து பார்க்கலாம் என்பதையும் நியமன ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தனித்தனியாக மேலாளரிடம் போய் அழுதால் தனித்தனியாகத்தான் கழித்துப் போடுவார்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பீடி வரியை மட்டும் விட்டுவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ள மெட்ராசுல யார் வீட்டுத் திண்ணைல ஒக்காரும்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரும் ஞாயிறுவரை முக்கூடலில்தான் இருப்பேன். மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அம்மா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அண்ணாச்சி