பொலிஸ் சேவையில் சமத்துவம், பன்மைத்துவம், உள்வாங்கல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர் என்ன செய்கிறார்?

சேவையில் யார் சேர்கிறார்கள், யார் உயர்கிறார்கள், நிலையத்துக்கு வரும் எவரும் ஒரே மதிப்புடன் நடத்தப்படுகிறார்களா என்பவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, தடைகளை நீக்குவதே அவருடைய பணி.

மக்கள் நம்பி முறைப்பாடு செய்யாமலும் சாட்சி சொல்லாமலும் பொலிஸாரால் குற்றங்களைத் துலக்க முடியாது என்பதே இதன் அடிப்படைக் காரணம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் திருகோணமலையில் இது மொழியிலிருந்தே தொடங்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒருவர் கையொப்பமிட நேர்ந்தால், அந்த உரிமை அவரைச் சென்றடையவில்லை என்றே சொல்வேன். கிணறு பொதுவானதுதான், கயிறு எட்டாதவருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. தமிழ் பேசும் உத்தியோகத்தர்களும், பெண்கள் தயங்காமல் பேசக்கூடிய பெண் உத்தியோகத்தர்களும் அந்தக் கயிற்றை நீட்டுபவர்கள்.

இது தகுதியைக் குறைத்து ஆட்சேர்ப்பது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். வட அயர்லாந்தில் 2001 முதல் 2011 வரை, பொலிஸ் சேவையில் குறைவாக இருந்த கத்தோலிக்கரும் ஏனையோரும் சரிபாதியாகச் சேர்க்கப்பட்டபோதுகூட, தெரிவுத் தேர்வுகளில் தேறியவர்களிலிருந்தே அவர்கள் எடுக்கப்பட்டார்கள்.