நாவற்பழம் தெரிந்தவருக்கு பிளாக்பெர்ரி எதற்கு?

கேள்வி: பிரான்ஸில் வேலை பார்க்கும் நண்பர் விடுமுறைக்கு வந்தபோது ‘க்ரோஸ்-எர்மித்தாஜ்’ என்ற, சிரா வகைத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். உலகப் புகழ்பெற்ற எர்மித்தாஜ் இதுதான் என்றும், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரர் ஒருவர் பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து கொண்டுவந்த கொடி இது என்றும் சொன்னார். மே மாத மாலையில், மொட்டை மாடியில், ஐந்து பேர் சிக்கன் 65உடன் ஐஸ் கட்டி போட்டுக் குடித்தோம். பிளாக்பெர்ரி, வயலட் பூ, மிளகு, ஆலிவ், புகையூட்டிய இறைச்சி என்று நண்பர் வாசனைகளை அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வாய் துவர்த்ததுதான் மிச்சம். வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது நிபுணர்களே ஏமாந்தார்கள் என்று படித்திருக்கிறேன். ஒயினை ருசி பார்ப்பது என்பதே பணக்காரப் பாசாங்குதானே? பாதி பாட்டில் சமையலறை அலமாரியில் இரண்டு வாரமாக இருக்கிறது. குடிக்கலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பாசாங்கு உங்கள் நண்பர் அடுக்கிய பட்டியலில் இருந்தது. அதற்காகப் பாட்டிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. பிளாக்பெர்ரியை நம்மில் பெரும்பாலோர் ஐஸ்கிரீம் டப்பாவின் மேல் படமாகத்தான் பார்த்திருக்கிறோம். வயலட் பூ எந்தப் பூக்கடையிலும் முழம் போட்டு விற்பதில்லை. தெரியாத பொருளின் வாசனையைத் தெரியாத பானத்தில் தேடச் சொன்னால் மூக்கு என்ன செய்யும்?

நீங்கள் படித்த சோதனை உண்மையாகவே நடந்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வில், பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பியல் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமி கலந்ததையும் கொடுத்து, மணத்தை வருணிக்கச் சொன்னார்கள். சிவப்பாகத் தெரிந்த கோப்பைக்கு அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதிக் கொடுத்தார்கள். மூக்கு யோசிப்பதற்குள் கண் முந்திக்கொண்டு சொல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது என்பதுதான் அதில் தெரிந்தது. பந்தியில் மஞ்சளாக வந்ததைச் சாம்பார் என்று நினைத்துச் சோற்றில் குழி பறித்து, வாயில் வைத்த பிறகு மோர்க்குழம்பு என்று தெரிந்துகொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதைக் காட்டிச் சாம்பாரும் மோர்க்குழம்பும் ஒன்றே என்று யாரும் வாதிடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘துவர்த்தது’ என்ற சொல். நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சரியான முதல் குறிப்பு என்பேன். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள், உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பைப் போக்கிவிடுவதால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறது. கடுக்காயில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான், தோல் பதனிடுபவர்கள் கடுக்காயை வாங்குவதும் அதற்காகத்தான். அறுசுவையில் துவர்ப்புக்கு ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்த சமையலில் வளர்ந்தவர் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. எந்தத் துவர்ப்பு என்று கேட்டுப் பாருங்கள். வாழைப்பிஞ்சின் கறை போல நாக்கில் அப்பிக்கொண்டதா, நெல்லிக்காய் போலப் பின்னால் ஒரு தெளிவை விட்டுப் போனதா, அல்லது நாவற்பழம் தின்றதுபோல இனிப்பும் புளிப்பும் கலந்து தொண்டை வரை இழுத்ததா? சிராவின் கருநீலச் சாறும், சதையை மீறி வரும் அந்த இழுப்பும் நாவற்பழத்துக்கு மிக நெருக்கமானவை. நண்பர் ‘நாவற்பழம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஐந்து பேருக்கும் பாதி விஷயம் விளங்கியிருக்கும்.

அந்தப் பட்டியலில் மிளகை மட்டும் கேலி செய்யாதீர்கள். சிராவில் மிளகு மணப்பது யாருடைய கற்பனையும் அல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகுக்கும் சிராவுக்கும் அந்த மணத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008இல் எடுத்துக் காட்டினார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் அளவுக்கு வீரியமானது அது; ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. மிளகின் காரம் பைபரின் என்ற வேறொரு பொருளால் வருவது, அது ஒயினில் இல்லை. ஆகவே சிராவில் மிளகு உறைக்காது, மணக்க மட்டுமே செய்யும். இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். ரோட்டண்டோன் என்ற பெயர் வந்ததே அது முன்பே கண்டறியப்பட்டிருந்த ஒரு செடியின் தாவரவியல் பெயரிலிருந்து. அந்தச் செடி நம் வயல் வரப்பில் களையாக மண்டிக் கிடக்கும் கோரை. அதன் கிழங்கைத்தான் காயவைத்து நலங்கு மாவில் சேர்த்து அரைக்கிறார்கள். பிரெஞ்சு ஒயினின் பெருமைக்குரிய மணத்துக்கு நம் குளியலறையில் ஓர் உறவினர் இருக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களுக்கு அந்த மணம் பிடிபடாமல் போகலாம். அதே ஆராய்ச்சியில், அளவை எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் மணக்கவே இல்லை. வீட்டில் மிளகைத் தட்டி முகர்ந்து இதைச் சோதிக்க முடியாது, ஏனென்றால் மிளகில் வேறு மணப்பொருள்களும் இருக்கின்றன. மொட்டை மாடியில் இருந்த ஐந்து பேரில் அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால் நீங்கள் சொன்னதும் உண்மை, நண்பர் சொன்னதும் உண்மை.

இனி நண்பரின் பிழைகள். எர்மித்தாஜ் என்பது பிரான்ஸில் ஓடும் ரோன் ஆற்றின் இடது கரையில், தேன்-லெர்மித்தாஜ் என்ற சிற்றூருக்கு மேலே (ஊரின் பெயருக்கும் தேனுக்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சு உச்சரிப்பு தமிழில் அப்படி விழுகிறது) தெற்கு நோக்கி நிற்கும் ஒற்றைக் குன்று. திராட்சை பயிராவது மொத்தமாகவே ஏறத்தாழ 135 ஹெக்டேரில். சரிவு செங்குத்தானது என்பதால் கற்சுவர் எழுப்பிப் படிப்படியாகப் பயிரிட்டு, கொடிகளைக் கொம்பு நட்டுக் கட்டி, மழையில் இறங்கும் மண்ணை மறுபடி மேலே சுமந்து கொட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் மெலிந்த ஒயினுக்கு உடம்பு ஏற்றுவதற்காக இந்தக் குன்றின் ஒயினை வாங்கிக் கலந்தார்கள். அப்படிக் கலப்பதற்கென்றே பிரெஞ்சில் ஒரு வினைச்சொல் இருந்தது. நீங்கள் குடித்த க்ரோஸ்-எர்மித்தாஜ் அந்தக் குன்றைச் சுற்றி 1,500 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் பகுதி. அதில் பெரும்பங்கு ஆற்றுக் கூழாங்கல் நிறைந்த சமவெளி. பெயரில் பாதி ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. குன்றின் ஒயின் பத்து, இருபது ஆண்டுகள் காத்திருந்து திறக்க வேண்டியது. உங்களுடையது இளமையிலேயே, பழச்சுவை குறையாமல் குடிக்க வேண்டியது. அதில் குன்றின் ஆழத்தைத் தேடியிருந்தால் ஏமாற்றம் நண்பர் கொடுத்தது, ஒயின் கொடுத்ததல்ல.

ஷிராஸ் நகரக் கதையும் நிற்காது. சிராவின் தாய் சவுவா பகுதியின் மோந்தூஸ் ப்ளான்ஷ், தந்தை ஆர்தேஷ் பகுதியின் தூரேசா என்று 1990களின் இறுதியில் மரபணுச் சோதனை காட்டிவிட்டது. இரண்டுமே பிரான்ஸின் தென்கிழக்கைச் சேர்ந்த, வெளியுலகம் அதிகம் அறியாத கொடிகள். பாரசீகத்துக்கு அதில் பங்கில்லை.

உங்கள் பிழைகளும் உண்டு. மே மாதக் கோவையின் மொட்டை மாடிச் சூட்டில் சிவப்பு ஒயினிலிருந்து முதலில் கிளம்புவது சாராய நெடி. அதற்குப் பின்னால் நிற்கும் மணங்கள் எதுவும் மூக்கை வந்து சேராது. அதைச் சரிசெய்ய நீங்கள் போட்ட ஐஸ் கட்டியோ ஒயினை நீர்க்கச் செய்ததோடு, குளிர்ச்சியால் துவர்ப்பைத் தூக்கியும் காட்டியது. ‘அறை வெப்பநிலையில் குடிக்கவும்’ என்ற அறிவுரை குளிர்நாட்டுக் கல்வீடுகளில் பிறந்தது. அது ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரி செல்சியஸைக் குறிக்கும். ஐஸ் போட்ட தண்ணீர் வாளியில் பாட்டிலைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் நம் ஊரிலும் அது கைக்கு எட்டும். சிக்கன் 65இன் மிளகாய்க் காரம் சாராய எரிச்சலையும் துவர்ப்பையும் ஒன்றுக்கு இரண்டாக்கும். மிளகு மட்டும் போட்டு வறுத்த ஆட்டுக்கறி வைத்திருந்தால் அதன் கொழுப்பும் புரதமும் டானினை வாங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை கிடைத்தால் கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். தீக்குச்சி உரசியது போலவோ வெந்த முட்டை போலவோ வந்தால் பயப்பட வேண்டாம். சிராவுக்கு அப்படி மூச்சடைத்துக் கிடக்கும் சுபாவம் உண்டு, கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி அரை மணி நேரம் காற்றாட விட்டால் பெரும்பாலும் விலகிவிடும். பிறகு கோப்பையைச் சுழற்றி மறுபடி முகருங்கள். ஒரு வாய் எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் வைத்திருந்து, மூக்கை விடுங்கள்; தொண்டையின் பின்வழியாக மணம் ஏறும் அந்தக் கணத்தில் என்ன நினைவுக்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள். நாவற்பழமோ, உப்பில் ஊறிய நார்த்தங்காயோ, விறகடுப்பின் புகையோ, எதுவானாலும் சரி. பழைய புளிக்கும் புதுப்புளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் நாக்குக்கு இதில் யாருடைய சான்றிதழும் தேவையில்லை. நண்பரை மட்டும் அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

அலமாரியில் இருக்கும் பாதி பாட்டிலைப் பற்றி: திறந்த ஒயினை மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாட்கள் வரை தாங்கும். இரண்டு வாரக் கோடை வெயிலுக்குப் பிறகு அதில் சிரா எதுவும் மிச்சமிருக்காது. கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கச் சொல்லுங்கள்.