'எங்கள் தந்தையரின் கடவுளே' என்று நான் சொல்லலாமா?

கேள்வி: நியூயார்க்கில் கன்சர்வேடிவ் பிரிவு (ஆர்த்தடாக்ஸைவிட நெகிழ்வான யூதப் பிரிவு) வழியாக யூத மதத்துக்கு மாறி ஓராண்டு ஆகிறது. நாள்தோறும் சொல்லும் அமிதா ஜெபத்தில் 'எங்கள் தந்தையரின் கடவுளே' என்று வரும்போது தயங்குகிறேன். என் அப்பா யூதர் அல்லவே. வீட்டருகே உள்ள ஆர்த்தடாக்ஸ் (பழைய முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பிரிவு) ஜெப ஆலயத்தில் என்னை மினியானில், அதாவது பொது ஜெபத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில், சேர்க்கவில்லை. இஸ்ரேலில் குடியேறும் எண்ணமும் உண்டு. எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழை ஒரே மாதத்தில் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: ஜெபத்தை அச்சில் உள்ளபடியே சொல்லுங்கள். உங்கள் சந்தேகம் மிகப் பழையது. மதம் மாறியவர் ஆலயத்தில் 'உங்கள் தந்தையரின் கடவுளே' என்றுதான் சொல்ல வேண்டும் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் பிக்கூரிம் பகுதி கூறுகிறது. மிஷ்னாவை விளக்கும் எருசலேம் தல்மூது இதற்கு மாற்றுக் கருத்தைத் தருகிறது: ஆபிரகாம் பல இனங்களுக்குத் தந்தை. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் மாறியவர் இதையே எழுதிக் கேட்டபோது, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று யூத அறிஞர் மைமோனிடஸ் பதில் எழுதினார். ஆர்த்தடாக்ஸ் நடைமுறையும் அதுதான். தோரா (வேதச் சுருள்) வாசிப்புக்கு அழைக்கும்போது உங்கள் எபிரேயப் பெயரோடு 'பென் அவ்ரஹாம்' (ஆபிரகாமின் மகன்) என்று சேர்த்துத்தானே அழைக்கிறார்கள்? தந்தை யார் என்பதற்கு அதுவே பதில்.

மினியான் வேறு விஷயம். அங்கே வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அவர்கள் அந்தச் சபையின் பார்வையில் யூதர்களாக இருக்க வேண்டும். நீங்கள் மூன்று பேர் அமர்ந்த பெத் தின் (மத நீதிமன்றம்) முன் நின்று, விருத்தசேதனம் முடித்து (ஏற்கெனவே ஆகியிருந்தால் ஒரு துளி இரத்தம் எடுத்து), மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுகியிருப்பீர்கள். சடங்கில் குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மூவருக்கும் தீர்ப்பளிக்கும் தகுதி உண்டா, கட்டளைகள் அனைத்தையும் நீங்கள் ஏற்றீர்களா என்பதுதான் ஆர்த்தடாக்ஸ் கேள்வி. உங்கள் கன்சர்வேடிவ் சபையில் நீங்கள் முழு உறுப்பினர். மற்ற ஆலயத்தில் உங்கள் நிலையை அங்குள்ள ரபியிடம் (மதகுருவிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து எண்ணிக்கையில் நின்றால் மற்றவர்களின் ஜெபத்தையும் சிக்கலில் விடுவீர்கள்.

அந்த முகவரை நம்பாதீர்கள். எல்லாப் பிரிவும் ஏற்கும் சான்றிதழ் என்று ஒன்று உலகில் கிடையாது. 2021 மார்ச்சில் வந்த இஸ்ரேல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, 'இப்போது எல்லா மதமாற்றமும் செல்லும்' என்று இவர்கள் விற்கிறார்கள். இஸ்ரேலுக்குள் ரிஃபார்ம் (இன்னும் நெகிழ்வான பிரிவு), கன்சர்வேடிவ் வழியாக மாறியவர்களின் குடியுரிமை பற்றியது அந்தத் தீர்ப்பு. திருமணத்தை அது தொடவே இல்லை.

குடியுரிமையும் திருமணமும் அங்கே இரண்டு கதவுகள். 1950இன் திரும்பும் உரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சமூகத்தில் முறையாக மாறிய கன்சர்வேடிவ் யூதரும் விண்ணப்பிக்கலாம். மாறியபின் அந்தச் சமூகத்தோடு தொடர்பு நீடிக்கிறதா என்றும் அதிகாரிகள் பார்ப்பார்கள். ஆகவே இப்போதே சபையை விட்டு விலகாதீர்கள். திருமணத்துக்கு ரபினேட்டிடம் (அரசு அங்கீகரித்த ஆர்த்தடாக்ஸ் மதகுருக்கள் அமைப்பு) போனால் அதே காகிதம் செல்லாது. ஒரு அலுவலகத்தில் யூதர், அடுத்த அலுவலகத்தில் இல்லை! பல பத்தாண்டுகளாக இதைச் சரிசெய்யாமல், அலைச்சலை மட்டும் மதம் மாறியவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இஸ்ரேலில் பதிவுத் திருமணமும் கிடையாது. வெளிநாட்டில் செய்துகொண்டால் பதிவேட்டில் ஏற்றுவார்கள்.

ஆர்த்தடாக்ஸ் வழியில் மறுபடி மாற விரும்பினால், எல்லா ஆர்த்தடாக்ஸ் பெத் தினையும் ரபினேட் ஏற்பதில்லை என்பதை மறக்காதீர்கள். பாடம் தொடங்குமுன், பணம் கட்டுமுன், இந்த பெத் தின் ஏற்கப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் சேராதீர்கள்.

மூன்று நீதிபதிகளின் பெயர், கையெழுத்து, தேதி, மிக்வே இருந்த இடம், உங்கள் எபிரேயப் பெயர் ஆகியவை உள்ள சான்றிதழ், விருத்தசேதனச் சான்று, படித்த காலத்தைக் குறிக்கும் சபைக் கடிதம் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். யார் கேட்டாலும் நகலையே கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.