மரத்தில் பித்தளைக் கிண்ணம் இறக்கினால் ஏன் வெடிக்கிறது?

திருமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா காலத்துக் கடைசல் இயந்திரம் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். அதில் ஒரு பூவரசங்கட்டையைச் சொம்பு மாதிரி குடைந்து, வாயில் பித்தளைக் கிண்ணம் ஒன்றை இறுக்கமாக இறக்கி, எப்பாக்சி பசை போட்டு ஒட்டி, உள்ளே டீலைட் மெழுகுவத்தி வைத்திருக்கிறார். கிண்ணத்தில் தண்ணீரும் யூகலிப்டஸ் தைலமும் ஊற்றினால் ஆவி கிளம்பி அறை மணக்கும் என்பது திட்டம். "மூணாம் நாளே மரம் மேலிருந்து கீழ்வரை வெடிச்சிருச்சுண்ணே, பசை இளகிருச்சு, கிண்ணத்தைச் சுத்திக் கருகிருச்சு, தைல வாசனையைவிட வார்னிஷ் வாசனைதான் வருது. இதைச் சரி பண்ண முடியுமா? அப்புறம் இதே மாதிரி சின்னதா, பேட்டரி வெச்சு, துளசி போட்டு வாய்ல இழுக்கிற மாதிரி செய்யலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். 2019ஆம் ஆண்டு மின் சிகரெட் தடைச் சட்டம், ஒரு பொருளைச் சூடாக்கி அதன் ஆவியை உள்ளிழுக்க வைக்கும் மின்கருவிகளைத் தயாரிப்பதையே தடை செய்கிறது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். சட்டம் ஒருபுறம் கிடக்கட்டும், சூடான பசையும் வார்னிஷும் தொட்டு வருகிற ஆவியை நேராக நுரையீரலுக்குள் இழுப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. சளிக்கு ஆவி பிடிக்க வேண்டுமென்றால் நொச்சித் தழை போட்ட பானை போதும்.

சரி, அறை மணக்கும் கருவிக்கு வருவோம். இது நல்ல வேலை, அழகாகவும் வரும், ஆனால் நீங்கள் செய்த முறையில் கிண்ணமும் மரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மற்ற எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

மரம் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். பித்தளை சுருங்காது, போதாததற்குச் சூட்டில் கொஞ்சம் விரியும். டீலைட்டை ஏற்றியதும் மரத்தின் உள்சுவர் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, நடுவில் பித்தளை இடம் விடாமல் நிற்கிறது, மரத்துக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இதில் உங்கள் கட்டை உருண்டையாக, மரத்தின் நட்டநடு மையம் உள்ளேயே இருக்கிற கட்டையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மையம் உள்ள கட்டை கிண்ணம் வைக்காவிட்டாலும் வெடிக்கும், ஏனென்றால் மரம் ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பட்டைக்குப் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கட்டையை முதலிலேயே நடுவில் பிளந்து, மையத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கடைசலில் ஏற்ற வேண்டும்.

கட்டை காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். துண்டின் எடையை அதன்மேலேயே பென்சிலால் எழுதுங்கள், வாரம் ஒருமுறை நிறுத்து அடுத்தடுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். 840, 815, 802 என்று இறங்கி, மூன்று வாரம் ஒரே எண்ணில் நின்றால் காய்ந்துவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் போடாதீர்கள், வெட்டு முனை முதலில் காய்ந்து பிளந்துவிடும். இரண்டு முனையிலும் மெழுகை உருக்கிப் பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை பூவரசு, வேம்பு, புளி எல்லாமே சரி. வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் பழைய தேக்கு நிலைத்துண்டு இன்னும் நல்லது, பல வருஷம் காய்ந்தது. அதில் பெயின்ட் இருந்தால் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் உளியால் சீவி எடுங்கள், பழைய பெயின்டில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. அரளி, எட்டி, தில்லை இந்த மூன்றும் விஷ மரங்கள், பட்டறைக்குள்ளேயே வரக் கூடாது. எந்த மரமானாலும் கடையும்போது முகக்கவசம் போடுங்கள், மரத்தூள் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது.

இப்போது அமைப்பு. மரச் சொம்புக்குள் நெருப்பு என்பதையே விட்டுவிடுங்கள். இதை நானும் ஒருகாலத்தில் செய்தவன்தான். ஒரு மார்கழி விடிகாலையில், காற்று சரியாகப் போகாத மரக்குடுவைக்குள் டீலைட் சூடேறி, திரி மட்டுமில்லாமல் உருகிய மெழுகு முழுக்கத் தீப்பிடித்தது. பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றினேன். எரியும் மெழுகில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன், புருவத்தில் பாதி போயிற்று. தட்டைப் போட்டு மூடியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்வதெல்லாம் திறந்த அமைப்புதான். 14 செ.மீ. விட்டத்தில் வட்டப் பலகை, அதன் ஓரமாக 13 செ.மீ. உயரத்தில் மூன்று கடைந்த கால்கள். காலின் அடியில் சிறு முளை விட்டு, பலகையில் துளையிட்டு இறக்கிப் பசை போடுங்கள். அங்கே சூடு வராது, அதனால் பசை நிற்கும். நீங்கள் கிண்ணத்தைச் சுற்றிப் போட்ட எப்பாக்சி சாதாரண ரகமென்றால் 60, 70 டிகிரியிலேயே தளரத் தொடங்கிவிடும், அது இளகியதில் ஆச்சரியமில்லை.

கிண்ணத்தைக் கால்களோடு சேர்க்க நான் பயன்படுத்துவது சைக்கிள் ஸ்போக். துரு ஏறாத எஸ்எஸ் ஸ்போக் என்று கேட்டு வாங்கி, மூன்று துண்டு வெட்டி, ஒவ்வொரு காலிலும் மேலிருந்து ஒரு செ.மீ. கீழே 2 மி.மீ. துளை போட்டு உள்ளே அடித்துவிடுங்கள். உள்பக்கம் நீட்டியிருக்கும் மூன்று நுனிகளிலும் கிண்ணத்தின் மடிந்த விளிம்பு உட்காரும். கிண்ணம் 7 செ.மீ. அகலம் இருந்தால் காலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. இடைவெளி கிடைக்கும். பித்தளையோடு பார்த்தால் எஸ்எஸ் சூட்டைக் கடத்துவது ஏழில் ஒரு பங்குதான், அதிலும் 2 மி.மீ. கம்பி, மரத்துக்குப் போய்ச் சேரும் சூடு கொஞ்சமே. பசை எதுவும் வேண்டாம், கிண்ணத்தைத் தூக்கிக் கழுவவும் வசதி.

கிண்ணத்தை நீங்களே அடித்து உருவாக்க ஆசைப்படலாம். பற்றவைத்துச் செய்யாமல் ஒரே தகட்டில் அடித்தெடுப்பதானால் சரி. கடைசலுக்கு என்று விற்கும் பித்தளைக் கம்பியில் சுலபமாகச் சீவ வருவதற்காக 3 சதவீதம் அளவுக்குக் காரீயம் கலந்திருப்பார்கள், அதைக் குடைந்து கிண்ணமாக்காதீர்கள். பித்தளையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி உருக்குவதும் வீட்டு வேலை இல்லை, துத்தநாகப் புகை கிளம்பிக் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். என்னைக் கேட்டால் பாத்திரக் கடையில் சந்தனக் கிண்ணம் ஒன்று வாங்குவதே மேல். புதுக் கிண்ணத்தில் பளபளப்புக்காக ஒரு நிறமற்ற பூச்சு இருக்கும், புளி போட்டுத் தேய்த்தும் நிறம் மாறவில்லையென்றால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்து உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பூச்சுதான் முதலில் மணக்கும். அதேபோல உள்ளே ஈயம் பூசிய கிண்ணமும் வேண்டாம். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். ஈயச் சொம்பில் ரசம் வைத்து மறந்துபோன வீடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது, வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறும், அடியில் தங்கிய தைலம் தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு டீலைட் நாலு மணி நேரம் எரியும், இந்த அளவுக் கிண்ணத்தில் 60 மில்லி தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்கினால் பெரிது. ஆக தண்ணீர்தான் முதலில் தீரும், அதுதான் ஆபத்து. இதற்கு என் வழி, டீலைட்டுக்குப் பதில் அகல் விளக்கு. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் உங்கள் திரியில் எவ்வளவு நேரம் எரிகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், பிறகு தண்ணீர் பாதி இருக்கும்போதே விளக்கு அணைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றுங்கள். திரியைக் குட்டையாக வைத்தால் கரி பிடிக்காது. அகலின் அடியில் இன்னொரு மண்தட்டு, சுடர் நுனிக்கும் கிண்ண அடிக்கும் நடுவில் 4 செ.மீ. தைலம் நாலைந்து சொட்டு போதும், வெறும் தைலத்தை ஊற்றிச் சூடாக்கவே கூடாது. யூகலிப்டஸ் தைலம் 50 டிகிரி வாக்கில் சூடானாலே அதன் ஆவி சுடர் பட்டால் தீப்பற்றும். கைக்குழந்தை இருக்கிற அறையில் யூகலிப்டஸும் கற்பூரமும் வேண்டாம், வெட்டிவேர் ஊறிய தண்ணீர் மட்டும் போதும்.

மெருகுக்கு வார்னிஷைத் தொடாதீர்கள். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமானில் ஏற்றுகிற அரக்கு கண்ணுக்கு அழகுதான், ஆனால் சூடு பட்டால் இளகும், அதனால் பலகையோடு நிறுத்திக்கொள்ளலாம். கால்களுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்து ஒரு வாரம் காயவிடுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுப்பாகத் தூசிதான் ஒட்டும்.

முதல் தடவை வெறும் தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே இருந்து முக்கால் மணி நேரம் எரியவிடுங்கள். அப்புறம் ஸ்போக் நுழைகிற இடத்தில் மரத்தின்மேல் விரலை வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை விரல் தாங்கினால் சரி, தாங்காவிட்டால் கால்களை இன்னும் ஒரு செ.மீ. வெளியே தள்ளி வையுங்கள். வெடித்த பூவரசங்கட்டையை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள் தம்பி. கருகியதையும் வார்னிஷையும் சீவிவிட்டு வெடிப்போடேயே அறுத்தால், அடிக்கட்டையில் மையம் ஒதுங்கிய மரமாக மூன்று கால் தேறும்.