குளக்கரையில் ஆள் குறையும்போது: கேள்வி பதில்

ஊர்க் குளங்களைத் தூர்வாரி, கரையில் மரம் வளர்க்கும் தன்னார்வலர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் அப்படியொரு குழுவை ஒருங்கிணைப்பவர்.

தொடக்கத்தில் நாற்பது பேர் வந்தார்கள் அண்ணா. இப்போது ஆறு பேர்தான். ஆர்வம் போய்விட்டதா?

ஆர்வம் இருக்கட்டும் தம்பி, வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறதா? முதல் வாரம் எல்லாரும் குப்பை பொறுக்கலாம். அப்புறம் சீமைக் கருவேலம். வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி தழைத்துவிடும், அதனால் ஜேசிபி வரும். அது ஓடும்போது கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் அடுத்த ஞாயிறு வீட்டில் தூங்கத்தான் செய்வார். வண்டி ஓடும் நாளில் ஆள் கூப்பிடாதீர்கள். மற்ற நாளில் ஆறு பேர் ஒன்பது மணிக்குள் முடிக்கிற வேலையாக வையுங்கள்.

ஆவணியில் பனை விதைத்தோம். ஐப்பசி ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்.

முளைக்கவில்லை என்று யார் சொன்னது? பனையின் முளை முதலில் கீழேதான் போகும். ஓலை வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும். பொங்கலுக்கு இரண்டு மூன்று குழிகளைப் பிள்ளைகளை விட்டே தோண்டச் சொல்லுங்கள். கிழங்கு வந்திருந்தால் மஞ்சள் போட்டு அவித்துக் கொடுங்கள். இரண்டு விதை போனால் போகிறது. ‘பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்!

குப்பையைக் குளத்தில் கொட்டாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறோம். பாதி வீடு பூட்டியிருக்கிறது. மனம் விட்டுப்போகிறது.

போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? மருந்து கொடுத்து முடித்த வீட்டுக்கு ‘பி’, குழந்தை விடுபட்ட வீட்டுக்கு ‘எக்ஸ்’. எக்ஸ் வீட்டுக்குத் திரும்பப் போவார்கள். 1995-ல் தொடங்கிய முகாம்கள் அவை. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். தெருவில் நடப்பவர் அத்தனை வருடத்தையும் சுமக்க முடியாது. இன்றைக்கு மிச்சம் எத்தனை எக்ஸ் என்றால் கணக்கு கைக்குள் வந்துவிடும். நீங்களும் ஒரு நோட்டில் அப்படிக் குறியுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் நானே களைத்துவிட்டேன். விலகலாமா?

தாராளமாக, மூன்று மாதம். போகும் முன் கணக்கு நோட்டு, ஜேசிபிக்காரர் எண், தாலுகா ஆபீஸில் கொடுத்த மனுவின் நகல் மூன்றையும் வேறொருவர் கையில் கொடுங்கள். எல்லாம் உங்கள் பையிலேயே இருந்தால் வீட்டில் இருந்தாலும் போன் விடாது.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஊக்க வாசகம் போடலாமா?

வேண்டாம். நேற்று டீசல் எவ்வளவு ஆனது, யார் கொடுத்தார்கள் என்று போடுங்கள்.