மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் சுரக்குமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷம், மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைக்க லெட்ரோசோல் மாத்திரை. சுரக்காத ஹார்மோனை எதற்குக் குறைக்க வேண்டும்?

சினைப்பைதான் ஓய்வெடுக்கிறது, ஈஸ்ட்ரோஜன் முழுதாக நிற்பதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன்கள் என்ற ஆண் ஹார்மோன்களைத் தருகிறது. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். மாதவிடாய் நின்றபின் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம், இருந்தால், அந்தச் சொற்ப அளவே அதற்குத் தீனி. லெட்ரோசோல் அரோமடேஸை முடக்குகிறது. டமாக்சிஃபென் என்ற இன்னொரு மருந்துக்கு வேறு வழி, ஏற்பியையே அடைத்துக்கொள்ளும்.

சினைப்பையை அகற்றினால் கட்டி சுருங்குவதை 1896-இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் எழுதிவிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது!

ஆனால் எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன்தான் காவல். அது குறைந்தால் எலும்பு தேயும். இந்த மாத்திரையில் மூட்டுவலியும் வரலாம். கேழ்வரகுக் களி, கூழ் நல்லதுதான், அது மட்டும் போதாது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வலிக்கிறது என்று அம்மா தானாக மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.